ஒரு எம்எம்பிடியு எத்தனை லிட்டர்?

நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறவரிடம் எரிபொருள் எவ்வளவு ஆகிறது என்று கேட்டால் டன் கணக்கில் பதில் வரும். விறகு டன்னில்தான் வருகிறது. உலையில் எரிக்கும் கனமான எண்ணெயான ஃபர்னஸ் ஆயிலுக்கு பர்னர் வைத்திருப்பவர் லிட்டரில் சொல்வார். கேன்டீன் அடுப்புக்கு சிலிண்டர் கணக்கு. இந்த மூன்றுக்கும் பழகியவர்களிடம் இப்போது நான்காவதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது: எம்எம்பிடியு என்ற வெப்ப அளவு. இயற்கை எரிவாயு விற்பவர்களுக்கு இதைத் தவிர வேறு பாஷை தெரியாது.

தொழிற்சாலைகளுக்கு எரிபொருள் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. குன்னூரில் இருக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் ஆக்கும் நண்பர் ஒருவர், தனக்கு வந்த விலைத்தாள் ஒன்றை அனுப்பியிருந்தார். எல்என்ஜியை, அதாவது குளிரவைத்துத் திரவமாக்கிய எரிவாயுவை, டேங்கர் லாரியில் மலைக்கு மேலே கொண்டுவந்து தருவதாக ஒரு விற்பனைக்காரர் எழுதியிருந்தார். விலை எம்எம்பிடியு கணக்கில். கீழே தடித்த எழுத்தில், ‘1 எம்எம்பிடியு = 27 லிட்டர் ஃபர்னஸ் ஆயில்’. நண்பர் கேட்டது ஒன்றே ஒன்று: “இந்த 27 சரிங்களாண்ணா?”

பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை என்றுதான் எடுத்தேன். பெருக்கல் வகுத்தல் பத்து நிமிஷத்தில் முடிந்தும் விட்டது. ஆனால் 27 சரியா என்பதற்குப் பதில் சொல்ல அது போதவில்லை.

முதலில் பெருக்கல் வகுத்தலையே பார்த்துவிடலாம். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் ஒரு பிடியு. முன்னால் நிற்கும் ஒவ்வொரு எம்மும் ரோமன் எண்ணில் ஆயிரம். ஆக, ஆயிரம் ஆயிரம், பத்து லட்சம் பிடியு. நம் பழைய கிலோ கலோரியில் 2,52,000. மின்சாரக் கணக்கில் 293 யூனிட். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எல்பிஜி இருக்கிறது, கிலோவுக்குச் சுமார் 11,900 கிலோ கலோரி. அப்படியானால் ஒரு எம்எம்பிடியு ஏறக்குறைய ஒன்றரை சிலிண்டர். நண்பருக்கு இதைச் சொன்னதும்தான் அந்தத் தாளில் இருந்த விலை அவருக்குப் புரிந்தது. “ஒன்றரை சிலிண்டருக்கு இவ்வளவுதானா!” என்றார். தொழிற்சாலைகள் கமர்ஷியல் சிலிண்டர் விலைக்குப் பழகியவை என்பதால் அந்த ஆச்சரியம் நியாயமானதுதான்.

அடுத்து எரிவாயுவின் கன அளவு. இந்தியாவில் ‘ஸ்டாண்டர்டு கன மீட்டர்’ என்று சொல்கிறார்கள். 15 டிகிரி வெப்பத்தில், கடல்மட்டக் காற்றழுத்தத்தில் ஒரு கன மீட்டரில் அடங்கும் எரிவாயு. அதன் வெப்பம் எரிவாயு வயலுக்கு வயல் கொஞ்சம் மாறும், ஆனால் வணிகத்தில் 10,000 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். அதன்படி ஒரு எம்எம்பிடியு 25.2 கன மீட்டர்.

ஃபர்னஸ் ஆயில் கிலோவுக்கு 10,500 கிலோ கலோரி. 2,52,000-ஐ 10,500-ஆல் வகுத்தால் மீதமில்லாமல் 24 கிலோ வருகிறது. லிட்டருக்கு 0.94 கிலோ அடர்த்தி என்று எடுத்தால் 25.5 லிட்டர். இதில் எனக்குப் பிடித்த ஒரு தற்செயல் இருக்கிறது: ஒரு லிட்டர் ஃபர்னஸ் ஆயிலில் 9,870 கிலோ கலோரி, ஒரு கன மீட்டர் எரிவாயுவில் 10,000. ஒன்றுக்கு ஒன்று! கால்குலேட்டர் இல்லாத இடத்தில் ‘ஒரு கன மீட்டர் ஒரு லிட்டர்’ என்று சொல்லிவிட்டால் பெரிய தப்பு எதுவும் நேராது.

சரி, 25.5. தாளில் 27. எங்கிருந்து வந்தது அந்த ஒன்றரை லிட்டர்?

எனக்கு இரண்டு சந்தேகம் இருந்தது. முதலாவது, இணையத்தில் கிடைக்கும் மாற்றுக் கணிப்பான்கள். பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. அங்கே ‘ஃபியூயல் ஆயில்’ என்று பொதுவாகச் சொன்னால் வீட்டைச் சூடாக்க எரிக்கும் இரண்டாம் நம்பர் எண்ணெயைக் குறிப்பதுதான் அதிகம். அது நம் டீசலுக்கு உறவுக்காரன். கேலனுக்குச் சுமார் 1,38,500 பிடியு. நம் ஃபர்னஸ் ஆயிலுக்கு நெருங்கியது ஆறாம் நம்பர் எண்ணெய், கேலனுக்குச் சுமார் 1,50,000. ஆறாம் நம்பரை வைத்து வகுத்தால் 6.67 கேலன், லிட்டரில் 25.2. நம் 25.5-க்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. இரண்டாம் நம்பரை வைத்தால் 7.22 கேலன், 27.3 லிட்டர். தாளில் இருக்கும் எண் கிட்டத்தட்ட இதுதான்.

(கேலன் என்று வந்துவிட்டதால் இன்னொன்று. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், இங்கிலாந்து கேலன் 4.546. மலையில் பழைய எஸ்டேட் பதிவேடுகளைப் புரட்டுகிறவர்கள் அதில் உள்ள கேலன் எந்த ஊர் கேலன் என்று பார்த்துக்கொள்வது நல்லது. வெள்ளைக்காரத் துரை எழுதி வைத்ததென்றால் பெரிய கேலனாகத்தான் இருக்கும்.)

இரண்டாவது சந்தேகம் கொஞ்சம் ஆழமானது. எந்த எரிபொருளுக்கும் வெப்ப மதிப்பு இரண்டு உண்டு, மொத்தம், நிகரம் என்று. எரிபொருளில் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்து தண்ணீராகிறது. அந்தத் தண்ணீர் ஆவியாகப் புகைபோக்கி வழியே போகும்போது கிலோவுக்கு 584 கிலோ கலோரி வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. அந்த ஆவியைத் திரும்பத் தண்ணீராக்கி வெப்பத்தைப் பிடித்துவிட்டதாகக் கணக்கு வைத்தால் மொத்த மதிப்பு, போனது போனதுதான் என்றால் நிகர மதிப்பு. சம்பளச் சீட்டில் மேலே ஒரு தொகையும் கைக்கு வருவது வேறொரு தொகையுமாக இருக்குமே, அந்த மாதிரி.

இந்தப் பிடித்தம் எல்லா எரிபொருளுக்கும் ஒரே அளவில் இல்லை. எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அதன் எடையில் கால் பங்கு ஹைட்ரஜன். ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் இரண்டேகால் கிலோ தண்ணீர் உண்டாகிறது, எரிந்த பொருளைவிட அதிக எடையில். அதனால் எரிவாயுவில் பிடித்தம் கிட்டத்தட்ட 10 சதவீதம். ஃபர்னஸ் ஆயிலில் ஹைட்ரஜன் எடைக்கு 11 சதவீதம் சொச்சம்தான், பிடித்தமும் 6 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது.

எரிவாயுவைப் பெரும்பாலும் மொத்த மதிப்பில்தான் விற்கிறார்கள். தாளில் உள்ள எம்எம்பிடியுவும் மொத்தம்தான். அதை ஃபர்னஸ் ஆயிலின் நிகர மதிப்பால் வகுத்தால் என்ன ஆகும்? நிகரம் கிலோவுக்கு 9,870, லிட்டருக்கு 9,280. வகுத்தால் 27.2 லிட்டர். இதுவும் 27!

இரண்டு வழியில் போனாலும் ஒரே எண் வருவதால் எந்த வழியில் வந்தார்கள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. விற்பனைக்காரருக்கே போன் போட்டேன். மரியாதையான பையன். “எங்க ஷீட்ல அப்படித்தான் சார் இருக்கு, ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்” என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. எக்செல் தாள்கள் பரம்பரைச் சொத்து மாதிரி கைமாறுகின்றன, எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரிவதில்லை.

சரியான ஒப்பீடு இரண்டையும் நிகரத்தில் வைப்பது. தேயிலையைச் சூடான காற்றில் உலர்த்தும் ட்ரையரில் ஆவியைத் திரும்பப் பிடிக்கிற வேலையே இல்லை, எல்லாம் வெளியேதான் போகிறது. ஒரு எம்எம்பிடியு எரிவாயு நிகரத்தில் 2,26,800 கிலோ கலோரி. 9,280-ஆல் வகுத்தால் 24.4 லிட்டர். 27-க்கும் இதற்கும் பத்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி. எரிபொருள் மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கில் பத்து சதவீதம் சில சமயம் மிச்சம் முழுவதையும் விழுங்கிவிடும்.

இது வரைக்கும் சொன்னது சமதரைக் கணக்கு. மலைக்கு வந்தால் இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்கிறது, இதை எந்த விலைத்தாளிலும் நான் பார்த்ததில்லை. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம். ஊட்டியில் இன்னும் குறைவு, முக்கால் பங்கும் கொஞ்சமும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுவதும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாததும் இதனால்தான். எரிவாயுவுக்கு இதன் அர்த்தம், வெறும் கன மீட்டர் என்பது இங்கே ஸ்டாண்டர்டு கன மீட்டர் இல்லை. அழுத்தம் ஏற்றாத குழாயில் கோத்தகிரியில் ஓடும் ஒரு கன மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு சரக்கு குறைவு. கீழே மேட்டுப்பாளையத்தில் வெயிலால் வாயு விரிவது ஐந்தாறு சதவீதம். மேலே குளிர் இருப்பதால் வெப்பத்தில் ஏமாற்றம் இல்லை, அழுத்தத்தில்தான் ஏமாற்றம்.

நல்ல மீட்டரில் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து திருத்தும் கருவி இருக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கருவிகள் சிலவற்றில் அளக்கப்படுவது சுற்றுக் காற்றுக்கு மேலே உள்ள அழுத்தம் மட்டும். சுற்றுக் காற்றின் அழுத்தத்தை நாமே ஓர் எண்ணாகப் போட்டுவைக்க வேண்டும். சமதரையில் அமைத்துக் கொடுத்தவர் கடல்மட்ட எண்ணைப் போட்டுவிட்டு வந்தால், குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அழுத்தம் ஓடுகிற இடத்தில் மீட்டர் சுமார் 6, 7 சதவீதம் கூடுதலாகக் காட்டும். வராத வாயுவுக்குப் பணம். நண்பரிடம் ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னேன்: ‘சுற்றுக் காற்றழுத்தம் தொழிற்சாலை இருக்கும் இடத்தில் உள்ளதாக இருக்க வேண்டும்.’ இதைவிட எளிய வழியும் உண்டு. எல்என்ஜி லாரியை எடை மேடையில் ஏற்றி, இறக்கியபின் திரும்ப ஏற்றி, கிலோவில் வாங்குவது. ஒரு டன் எல்என்ஜி சுமார் 52 எம்எம்பிடியு. எடைக்கு உயரம் தெரியாது.

ஃபர்னஸ் ஆயிலிலும் இதே மாதிரி ஒரு வேடிக்கை உண்டு. கோவையில் 35 டிகிரியில் 12,000 லிட்டர் ஏற்றிய டேங்கர், மேலே வந்து 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் 160 லிட்டருக்கு மேல் சுருங்கிவிடும். எத்தனை டிரைவர்கள் இதற்காகத் திட்டு வாங்கியிருப்பார்களோ. எடையில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. குளிர் இன்னொன்றும் செய்கிறது: ஃபர்னஸ் ஆயில் 20 டிகிரிக்குக் கீழே ஓடவே மறுக்கும் ரகமாக இருக்கலாம். தொட்டியிலிருந்து பம்ப் வரைக்கும் சூடேற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பர்னருக்குள் பூத்தூறலாகத் தெளிக்க இன்னும் சூடாக்க வேண்டும். அதற்கான வெப்பம் எண்ணெயின் மதிப்பில் அரை சதவீதம்கூட இல்லை, கணக்கில் விட்டுவிடலாம். டிசம்பரில் உறைபனி விழும் காலையில் அந்தக் குழாயோடு மல்லுக்கட்டும் ஃபயர்மேனின் வாய்வார்த்தைகளைத்தான் கணக்கில் விட முடியாது.

ஃபர்னஸ் ஆயில் மலைக்குப் புதிதும் இல்லை. கல்லாறுக்கு மேலே பல்சக்கரம் பிடித்து குன்னூர் வரை ஏறும் மலை ரயிலின் நிலக்கரி எஞ்சின்களில் சில, இந்த நூற்றாண்டில் ஃபர்னஸ் ஆயிலுக்கு மாற்றப்பட்டவை. மண்வெட்டி இருந்த இடத்தில் பர்னர் வந்தது.

எண்ணெயையும் எரிவாயுவையும் ஒப்பிடும் பழக்கம் மேலே, நாடுகள் மட்டத்தில் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், விலைத்தாளைப் படிக்க அது உதவும். கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் என்பது 42 அமெரிக்க கேலன், 159 லிட்டர். அதை 5.8 எம்எம்பிடியு என்று வைத்துக்கொள்வது எண்ணெய் உலகின் வழக்கம். ஃபர்னஸ் ஆயில் கனமானது என்பதால் அதன் பீப்பாய்க்குச் சுமார் 6.3. பீப்பாய் என்ற சொல்லைப் பார்த்ததும் எந்த எண்ணெயின் பீப்பாய் என்று கேட்காவிட்டால் அங்கேயே 8 சதவீதம் போய்விடும். 5.8-ஐத் தலைகீழாக்கினால் 17.2 சதவீதம். அதாவது பீப்பாய் 80 டாலர் என்றால், எரிவாயு எம்எம்பிடியுவுக்கு 13.8 டாலர் இருந்தால் இரண்டும் வெப்பத்துக்கு வெப்பம் சமம். நீண்டகால எல்என்ஜி ஒப்பந்தங்களில் எண்ணெய் விலையில் இத்தனை சதவீதம் என்று எழுதுகிறார்கள். 17.2-க்குக் கீழே இருந்தால் எரிவாயு மலிவு. நம் நாட்டில் 2023 ஏப்ரலில், எரிவாயு விலையை ஆராய அரசு அமைத்த கிரித் பாரிக் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, அரசு நிறுவனங்களின் பழைய வயல்களில் எடுக்கும் வாயுவுக்கு விலையை இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம் என்று வைத்தார்கள், 4 டாலருக்குக் குறையாமல், 6.5 டாலருக்கு மேல் போகாமல். அந்த வாயு நம் நண்பருக்குக் கிடைக்காது. அவருக்கு வருவது கப்பலில் இறங்கும் எல்என்ஜி. கொச்சி முனையத்திலிருந்தோ எண்ணூரிலிருந்தோ லாரி ஏற வேண்டும். கொச்சிக் குழாய் கூட்டநாடு, வாளையார் வழியாகக் கோவைப் பக்கம் வந்துவிட்டாலும், மலைக்கு மேலே லாரிதான்.

இனி அந்த 24.4-க்கு வருவோம். இதோடு நிறுத்தியிருந்தால் நண்பரிடம் “தாளில் 27 தப்பு, 24.4 என்று போடு” என்று சொல்லியிருப்பேன். ஆனால் தொழிற்சாலைக்கு வேண்டியது எரிபொருளில் இருக்கும் வெப்பம் இல்லை, தூளுக்குப் போய்ச் சேரும் வெப்பம்.

இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி மெஷினிலிருந்து வரும் பச்சைத் தூளில் 70 சதவீதம் தண்ணீர். ட்ரையரிலிருந்து வெளியே வரும்போது 3 சதவீதம். ஒரு கிலோ டீத்தூளுக்கு 2.2 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டியிருக்கிறது, அதற்கு மட்டுமே 1,300 கிலோ கலோரி. ட்ரையரில் பாதி வெப்பம் வீண் என்று வைத்துக்கொண்டால் சூடான காற்றில் 2,600 கிலோ கலோரி வேண்டும். (இலையை நன்றாக வாட்டி ஈரத்தை 65 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் ஆவியாக்க வேண்டிய தண்ணீர் 1.8 கிலோவுக்கு இறங்கும். ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சம், காசு செலவில்லாமல். தூளின் நிறமும் சாயமும் பாழாகாத வரை. இதை வாட்டும் தொட்டிக்காரரிடம் சொன்னால் அவர் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே!)

ஃபர்னஸ் ஆயில் புகை டீயில் படக்கூடாது. நாலு சதவீதம் வரைக்கும் கந்தகம் இருக்கலாம் அதில். ஆகவே எண்ணெயைத் தனி ஹீட்டரில் எரித்து, இரும்புக் குழாய்களின் மறுபக்கமாகக் காற்றைச் சூடாக்கி அந்தக் காற்றை மட்டும் ட்ரையருக்கு அனுப்புகிறார்கள். குழாயில் கரி படியும், புகைபோக்கியில் சூடு போகும். நண்பரின் ஹீட்டரில் முக்கால் பங்கு வெப்பம் காற்றுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டேன், அந்த வயசு ஹீட்டருக்கு அதுவே தாராளம். எரிவாயு சுத்தமாக எரிவது. அதன் புகையையே காற்றோடு கலந்து நேராக ட்ரையருக்குள் விடும்படி அமைத்தால், இடையில் குழாயும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. நிகர வெப்பம் கிட்டத்தட்ட முழுதும் ட்ரையர் காற்றுக்குத்தான். அசாமின் மேற்பகுதியில் தொழிற்சாலைகள் பல பதிற்றாண்டுகளாக எரிவாயுவில்தான் டீ உலர்த்துகின்றன.

நேரடி எரிப்பில் கணக்கு இப்படி: 2,26,800-ஐ, 9,280-இல் முக்கால் பங்கால் வகுத்தால் 32.6 லிட்டர்.

விற்பனைக்காரரின் 27 தப்பு. ஆனால் அவர் விற்கும் பொருளுக்கு அந்தத் தாளே அநியாயம் செய்திருக்கிறது! உடனே நண்பருக்கு போன் போட்டுச் சொல்லலாம் என்று நினைத்தவன் தாளின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். ‘தற்போதுள்ள ஹீட்டரிலேயே பர்னரை மட்டும் மாற்றித் தருகிறோம்’ என்று இருந்தது. அதே குழாய், அதே புகைபோக்கி என்றால் முக்கால் பங்கு இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுவிடும். கரி படியாததால் கொஞ்சம் ஆதாயம் இருக்கும், அவ்வளவுதான். திரும்பவும் 24.4. பர்னர் மாற்றுகிறவருக்கு 24.4, ட்ரையரையே மாற்றி அமைக்கிறவருக்கு 32.6. நடுவில் நிற்கும் 27 யாருக்கும் பொருந்தாத எண்.

பர்னர் வாங்குகிறவர்கள் இங்கேயும் உயரத்தை மறந்துவிடக் கூடாது. மின்விசிறி தள்ளுவது கன அளவை. கோத்தகிரிக் காற்றில் ஆக்ஸிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தகட்டில் 100 என்று அடித்திருக்கும் பர்னர் இங்கே 80தான் கொடுக்கும். ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டும். இதைக் கேட்ட நண்பர், “ஆளுங்களும் கீழே இருந்து வந்தா மொதல் வாரம் எண்பதுதானுங்க வேலை செய்யறாங்க” என்றார்.

நண்பரின் தொழிற்சாலையில் வருஷத்தில் பெரும்பாலான நாள் எரிவது எண்ணெயே இல்லை, விறகு. கற்பூர மரம் (தைல மரத்துக்கு இங்கே அந்தப் பெயர்), சீகை மரம், வயசான சில்வர் ஓக். எண்ணெய் பர்னர் ஐப்பசி, கார்த்திகை மழையில் விறகு நனைந்துபோகும்போது மட்டும். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அப்படியானால் ஒப்பிட வேண்டியது விறகோடுதானே?

விறகுக் கணக்கில் எல்லாமே ஈரம்தான். எலும்பாகக் காய்ந்த மரம் கிலோவுக்கு நிகரம் 4,400 கிலோ கலோரி. கால் பங்கு ஈரம் உள்ள, நன்றாக உலர்ந்த விறகில் 3,150. அப்போதுதான் வெட்டிய, பாதி ஈரமான விறகில் 1,900. ஈரத்தின் எடைக்கும் எடை மேடையில் காசு கொடுத்து, அந்த ஈரத்தை ஆவியாக்க மறுபடி விறகையே எரிக்கிறோம். ஹீட்டரில் காய்ந்த விறகுக்கு 65 சதவீதமும், திணறித் திணறி எரியும் ஈர விறகுக்கு 55-ம் போட்டால், நேரடியாக எரிக்கும் ஒரு எம்எம்பிடியு எரிவாயுவுக்கு ஈடாகக் காய்ந்த விறகு 110 கிலோ, ஈர விறகு 215 கிலோவுக்கு மேல்.

நாளைக்கு 2,000 கிலோ தூள் போடும் தொழிற்சாலை என்று வைத்தால் எரிவாயு 23 எம்எம்பிடியு, ஃபர்னஸ் ஆயில் 750 லிட்டர், காய்ந்த விறகு இரண்டரை டன், ஈர விறகு ஐந்து டன்.

விலைக்கு ஒரு உதாரணம். எரிவாயு தொழிற்சாலை வாசலில் எம்எம்பிடியுவுக்கு 1,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (தாளில் இருந்த விலை இது இல்லை, அதை நான் எழுதக் கூடாது). ட்ரையரை மாற்றி நேரடியாக எரித்தால், ஃபர்னஸ் ஆயில் லிட்டர் 40 ரூபாய்க்கு மேல் விற்கும் வரை எரிவாயு ஜெயிக்கும். பழைய ஹீட்டரிலேயே எரித்தால் 53 ரூபாய்க்கு மேல் விற்க வேண்டும். நேரடி எரிப்புக் கணக்கில் காய்ந்த விறகு கிலோ 12 ரூபாய், ஈர விறகு கிலோ 6 ரூபாய் இருந்தால்தான் எரிவாயு சமமாக வந்து நிற்கும். மலையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த விறகைத் தொட எரிவாயுவுக்கு இன்னும் ரொம்ப தூரம். ஈர விறகோடு மட்டும் அது மோதிப் பார்க்கலாம்.

எல்என்ஜிக்கு வேறு சிக்கலும் இருக்கிறது. மைனஸ் 162 டிகிரியில் இருக்கும் திரவம். எவ்வளவு நல்ல தொட்டியானாலும் தினமும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும், எரித்தாக வேண்டும். நாளைக்கு அரை டன்கூடத் தேவைப்படாத இடம், அதிலும் இலை வரத்து குறைந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஓடும் மாதங்கள். பெரிய டிரெய்லர்கள் மலைப்பாதை வளைவுகளில் திரும்புவதும் சுலபமில்லை, சின்ன லாரி என்றால் கிலோவுக்கு வாடகை ஏறும். குன்னூர், கோத்தகிரியில் பத்துத் தொழிற்சாலைகள் சேர்ந்து ஒரு தொட்டி வைத்துக் குழாய் இழுத்தால் கணக்கு மாறலாம். தனி ஆளுக்கு ஒத்துவராது என்பது என் தீர்ப்பு. கரியமில வாயுக் கணக்கில் ஃபர்னஸ் ஆயிலைவிட எரிவாயு நிச்சயம் மேல், அதே நிகர வெப்பத்துக்குக் கால் பங்குக்கு மேல் குறைவு. மறுபடி நட்டு வளர்க்கும் மரத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பெருமையும் நிற்காது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், தைல மரத்துக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று இப்போதே யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

நண்பரிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: எரிவாயுவுக்கு மாறக் கேட்கும் பணத்தில் ஒரு சின்னப் பங்கை விறகு ஷெட்டில் போடு. கூரை முழுதாக, பக்கவாட்டில் காற்றுப் போக வழியோடு, ஆறு மாத விறகு நிற்கிற மாதிரி. மாசி, பங்குனியில் வாங்கி அடுக்கினால் ஐப்பசிக்குள் கால் பங்கு ஈரத்துக்கு இறங்கிவிடும். எண்ணெய் பர்னரை ஸ்பேராக வைத்துக்கொள். ட்ரையர் மாற்றும் வருஷம் வந்தால் அப்போது அந்தப் பையனைக் கூப்பிட்டு 32.6 லிட்டர் கணக்கோடு பேசு.

“ஷெட்டுக்கு எத்தனை அடி வேணும்ணா?” என்று கேட்டார். அடுக்கிய விறகு கன மீட்டருக்கு எத்தனை கிலோ வரும் என்பது மரத்துக்கு மரம், அடுக்குகிற ஆளுக்கு ஆள் மாறும். ஒரு லோடு அடுக்கி அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.